பெத்லகேம் கிணற்று நீரும் திருவிழா வாணமும்

சித்திரை பிறந்துவிட்டால் தென்மாவட்டப் பங்குகளில் கொடிமரங்களுக்குப் புது வண்ணம் பூசத் தொடங்கிவிடுகிறோம். பிள்ளைகளுக்குத் தேர்வுகள் முடிந்திருக்கும். சென்னைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கச் சென்றவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊர் திரும்புவர். உயிர்ப்புப் பெருவிழா தொடங்கி ஜூன் 13-இல் வரும் பதுவைப் புனித அந்தோணியார் திருவிழா வரை, ஏதேனும் ஓர் ஊரில் கொடியேற்றமும் நவநாளும் தேர்ப்பவனியும் அசனமும் நடந்துகொண்டே இருக்கும். கடைசி இரவில் தேர் வீதிகளைச் சுற்றிவந்து நிலைசேர்ந்தபின், கோவிலுக்குப் பின்னுள்ள வெற்றிடத்திலிருந்து முதல் வாணம் மேலேறும். மாலை ஆராதனைக்கு வராதவர்களும் வாணவேடிக்கைக்கு வந்துவிடுவர் என்று எங்கள் பங்கின் பழைய உபதேசியார் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

அந்த மகிழ்ச்சியை இகழ்ந்து பேசுவது நம் நோக்கமன்று. ஆண்டு முழுவதும் வெயிலிலும் கடன் கணக்கிலும் குனிந்திருக்கும் கழுத்துகள் அந்த அரைமணி நேரத்தில் ஒருசேர நிமிர்கின்றன. தந்தையின் தோளில் அமர்ந்து வாய்பிளந்து பார்க்கும் குழந்தைக்கு விண்ணகம் என்னும் சொல்லின் முதல் பொருள் அங்கேதான் கிடைக்கிறது என்றாலும் தவறாகாது. கடிகாரம் அரிதாக இருந்த காலத்தில், தேர் புறப்பட்டதைச் சுற்றுவட்டக் குடியிருப்புகளுக்கு அறிவித்தது அதிர்வேட்டுதான். திருச்சபைக்கும் இது புதிதன்று. உரோமை நகரில் சான் ஆஞ்சலோ கோட்டையின் உச்சியிலிருந்து ‘ஜிராந்தோலா’ என்னும் வாணவேடிக்கை பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருத்தந்தையரின் விழாக்களுக்கு விடப்பட்டது. ஜூன் 29-இல் வரும் புனிதர்கள் பேதுரு, பவுல் பெருவிழாவுக்கும் அதற்கும் நெடுநாள் உறவு உண்டு. 1540-இல் வெளிவந்த பிரிங்குச்சியோவின் உலோக, நெருப்புத் தொழில் நூலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஆகவே, பக்திக்கும் வெடிக்கும் தொடர்பே இல்லை என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருவிழாக் குழுவில் இந்த வாணவேடிக்கைக்குப் பொறுப்பேற்கும் முறை எங்களுக்கு வந்தது. சட்டத்துக்கு உட்பட்டே எல்லாம் செய்வதென உறுதிகொண்டோம். அதில் எங்களுக்குச் சிறிது பெருமையும் இருந்தது. நம் நாட்டில் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் பட்டாசைச் செய்வதையும் சேமிப்பதையும் விற்பதையும் ஒழுங்குபடுத்துகின்றன. வெடி வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் அதன் ஓசை 125 டெசிபலைத் தாண்டலாகாது என்பது விதி. இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஓசை எழுப்பும் வெடி கூடாது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நூறு மீட்டருக்குள் எப்போதுமே கூடாது. உச்ச நீதிமன்றம் 23 அக்டோபர் 2018-இல் வழங்கிய தீர்ப்பில் பேரியம் உப்பு கலந்தவற்றையும் சரவெடியையும் விலக்கிற்று. விழா நாள்களில் வெடிப்பதற்குச் சில மணி நேரங்களை மட்டுமே ஒதுக்கிற்று. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, தொடர்வண்டியில் பட்டாசு கொண்டுவரக் கூடாதென்பதால் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தி, சிவகாசிக்கே சென்றோம். உரிமம் பெற்ற கடையில், பசுமைப் பட்டாசுக்குரிய முத்திரை இருக்கிறதா என்று பெட்டி பெட்டியாகப் பார்த்து, பில்லோடு வாங்கினோம். காவல் நிலையத்தில் அனுமதியும் பெற்றோம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடைக்காரர் சொன்ன விலையை ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசிக் குறைத்தோம். கோவில் காரியம், புனிதருக்குச் செய்கிறோம், நீங்களும் ஒரு பங்கு போட்டதாக இருக்கட்டும் என்றெல்லாம் பேசினோம். அவரும் சலிப்போடு குறைத்தார். மிச்சமான தொகையைப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் அறிவித்தபோது கைதட்டினார்கள்.

அவ்வாண்டுத் திருவிழா முடிந்த வாரத்தில், நன்கொடைப் பாக்கிகளைக் கேட்டு வீடு வீடாகச் சென்றோம். எங்கள் அன்பியத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி இருக்கிறார். செபமாலையிலும் நோயாளர் சந்திப்பிலும் முதலில் நிற்பவர். ஆனால் தேர்ப்பவனி இரவில் மட்டும் அவரைக் காண முடியாது. வாணம் ஏறும் நேரத்தில் அவர் வீட்டுக் கதவும் சன்னல்களும் சாத்தியிருக்கும். ஆரவாரம் பிடிக்காதவர் போலும் என்று நாங்களாகவே முடிவுசெய்து வைத்திருந்தோம். அன்று பேச்சுவாக்கில் எங்களில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். அவர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள கரிசல் காட்டு ஊர் ஒன்றில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய தங்கை பட்டாசு பின்னும் வேலைக்குப் போனவர். ஒரு மே மாதத்தில் காலையில் தூக்குச்சட்டியோடு போனவர், அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் பதினொரு நாள் கிடந்து இறந்தார்.

நாங்கள் ஏதேதோ சொல்லித் தடுமாறினோம். வெடியை நிறுத்திவிடலாம் அக்கா என்றுகூட ஒருவர் சொன்னார். அதற்கு அவர் சொன்ன விடைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

“நிறுத்தணும்னு நான் சொல்லல, அண்ணாச்சி. நீங்க வாங்கலைன்னா எங்க ஊர்ல பாதி வீட்டுல அடுப்பு எரியாது. எந் தங்கச்சி மகளும் இப்ப அந்த வேலைக்குத்தான் போறா. என்னால பாக்க முடியல, அம்புட்டுதான்.”

பத்து ரூபாய்க்கு வாங்கும் கம்பி மத்தாப்பு ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரிகிறது. அதை ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது, நீளமாகப் பிடி, சட்டையில் படாமல் பிடி என்று பலமுறை சொல்கிறோம். அந்த மத்தாப்பும் வாணமும் கையால்தான் உருவாகின்றன. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றோடு அலுமினியத் தூளைச் சேர்த்துக் கலப்பதை அங்கே ‘மருந்து’ கலப்பது என்பர். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குத் தாமிரம் என்று உப்புகள் சேரும். உராய்வு ஒன்று போதும். தவறி விழுந்த ஒரு கருவி போதும். முந்தைய நாள் மீந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. ஆகவேதான், அன்று கலந்ததை அன்றே முடிக்க வேண்டும், அறைகள் ஒன்றுக்கொன்று விலகியிருக்க வேண்டும், ஓர் அறையில் குறித்த சிலருக்குமேல் அமரக் கூடாது என்று விதிகள் செய்திருக்கிறார்கள். கூலியோ பெரும்பாலும் எண்ணிக்கைக்கு ஏற்ப. அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும். கோடை நாள்களில் கரிசல் மண்ணே கொதிக்கிறது. தீபாவளிக்கான உற்பத்தியும் அப்போது விரைவுபட்டு நடக்கிறது. மாலையில் வீடு திரும்பும் பெண்களின் விரல் இடுக்குகளில் அலுமினியத்தின் வெள்ளிச் சாம்பல் ஒட்டியிருக்கும். அவ்வளவு எளிதில் அது கழுவிப் போவதில்லை.

5 செப்டம்பர் 2012 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 12 பிப்ரவரி 2021 அன்று சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் ஏறத்தாழ இருபது பேர். 9 மே 2024 அன்று செங்கமலப்பட்டியில், சுட்டெரிக்கும் வெயில் நாளில், மீண்டும் ஒரு விபத்து; இறந்தவர்களுள் பெண்கள் பலர். இவற்றுக்கு இடையில், இருவர் மூவராக இறந்த செய்திகள் நாளிதழின் உள்பக்கங்களில் வந்து மறைகின்றன. ஒவ்வொன்றுக்கும் பின் உரிமம் தற்காலிகமாக நீக்கப்படுகிறது, உள்குத்தகை பற்றியும் அளவுக்கு மீறிய ஆள்கள் பற்றியும் பேச்சு எழுகிறது, இழப்பீடு அறிவிக்கப்படுகிறது. பின்பு மழை வருகிறது, தீபாவளி வருகிறது.

சட்டம் என்ன செய்கிறது என்பதை இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டரில் நிற்பவரின் செவியை அது அளக்கிறது. நுகர்வோரின் நுரையீரலுக்காகப் பசுமைப் பட்டாசு வந்தது. இரண்டும் வேண்டியவையே. தொழிற்சாலைக்கும் விதிகள் உண்டு; ஆனால் அவை மீறப்பட்டனவா என்பதை நாம் கடையில் வாங்கும் பெட்டி நமக்குச் சொல்வதில்லை. சட்டத்துக்கு உட்பட்டு வாங்கிய பெட்டி என்றால், வாங்கியவர்மீது வழக்கில்லை என்பது பொருள். அது எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு அதனிடம் விடையில்லை. எங்கள் குழு உறுப்பினர் ஒருவர், “அரசாங்கமே அனுமதிக்குது, நமக்கென்ன?” என்றார். நம்மில் பெரும்பாலோர் வாய்விட்டுச் சொல்லாத எண்ணம் அதுவே.

நம் திருச்சபையின் மரபான அறநெறி இயலைக் கேட்டாலும் நமக்குச் சாதகமாகவே விடை வரும். பிறர் செய்யும் தீமையில் ஒருவர் எவ்வளவு பங்கு கொள்கிறார் என்பதைப் புனித அல்போன்ஸ் லிகோரி போன்றோர் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். தீமையை விரும்பி உடன்படுவது வேறு; விரும்பாமல், தொலைவிலிருந்து, வெளிச்செயலளவில் தொடர்புகொள்வது வேறு. பட்டாசு செய்வது தீமையன்று. விபத்தை நாம் விரும்பவுமில்லை. நமக்கும் அந்த அறைக்கும் இடையில் கடைக்காரர், முகவர், உரிமையாளர், போர்மேன் என்று எத்தனை பேர்! ஒப்புரவு அருளடையாளத்தில் போய், வாணம் வாங்கினேன் என்று சொன்னால், அதில் பாவம் என்ன என்றே குருவானவர் கேட்பார். அவர் கேட்பதும் சரியே.

ஆனால் விவிலியத்தில் பாவமே அல்லாத ஒன்றின்முன் ஓர் அரசர் நடுங்கி நின்ற நிகழ்ச்சி இருக்கிறது. சாமுவேலின் இரண்டாம் நூல் 23-ஆம் அதிகாரத்தில் அதைக் காண்கிறோம். அறுவடைக் காலம், அந்நாட்டில் அது கோடையின் தொடக்கம். தாவீது அதுல்லாம் குகையில் இருக்கிறார். அவருடைய சொந்த ஊராகிய பெத்லகேம் பெலிஸ்தியரின் பிடியில் இருக்கிறது. ஊர் வாயிலருகே உள்ள கிணற்றின் நீரைக் குடிக்க யாரேனும் தரமாட்டார்களா என்று அவர் ஏங்கிச் சொல்லிவிடுகிறார். அவருடைய வீரர் மூவர் பகைவரின் பாசறையைக் கிழித்துக்கொண்டு போய் அந்த நீரை மொண்டு வருகிறார்கள். தாவீதோ அதைக் குடிக்க மறுக்கிறார். உயிரைப் பணயம் வைத்துச் சென்றவர்களின் குருதியைப் போன்றது இது என்று சொல்லி, ஆண்டவர் திருமுன் அதை ஊற்றிவிடுகிறார்.

இந்நிகழ்ச்சியைத் தாவீதின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகப் பல மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். பட்டாசுக் கணக்கை வைத்துக்கொண்டு மீண்டும் படித்தபோது வேறு சில கண்ணில் பட்டன. தாவீது கட்டளையிடவில்லை. ஓர் ஆசையை வெளியிட்டார், அவ்வளவுதான். ஆற்றல் உள்ளவரின் ஆசை, கட்டளையாக வாய்திறக்காமலே பிறருடைய ஆபத்தாக மாறிவிடுகிறது. வாங்கும் ஆற்றல் உள்ளவராகிய நாமும் யாரையும் அந்த அறைக்குள் அனுப்பவில்லை. இந்த ஆண்டு இன்னும் உயரமாக, இன்னும் மலிவாக வேண்டும் என்று விரும்பினோம். அந்த விருப்பம் படிப்படியாக இறங்கி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஒருவரின் விரல்களுக்கு வேகம் கூட்டுகிறது. நாங்கள் பேசிக் குறைத்த தொகை கடைக்காரரின் ஆதாயத்திலிருந்து குறைந்ததா, வேறு யாருடைய பங்கிலிருந்து குறைந்ததா? இன்னாருடையதென்று கைகாட்ட இயலாது. ஆனால் இப்படிப்பட்ட சங்கிலிகளில் எவன் இறுதியில் நிற்கிறானோ அவனிடம்தான் பேரம் பேசும் வலிமை மிகக் குறைவாக இருக்கும் என்பதை அறிய நாம் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் நேரடி வேலையளிப்பவர், மறைமுக வேலையளிப்பவர் என்று இருவகையினரைக் காட்டினார். ஊதியம் தருபவர் மட்டுமல்லர், உழைப்பின் நிலைமைகளைத் தீர்மானிக்கும் பிறரும் பொறுப்பாளிகள் என்பது அதன் கருத்து. அவர் முதன்மையாக அரசையும் அமைப்புகளையும் எண்ணியே அதைச் சொன்னார். எனினும் ஒரு திருவிழாக் குழுவும் ஆண்டில் ஒரு நாளுக்காவது மறைமுக வேலையளிப்பவராகிறது என்று நீட்டிப் பார்ப்பது மிகையாகாது. 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் சுற்றுமடலில், வாங்குவது என்பது பொருளாதாரச் செயல் மட்டுமன்று, அது எப்போதும் அறச்செயலும் ஆகும் என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

இக்கருத்துகளைக் குழுவில் சொன்னபோது, கணக்குப் பார்ப்பவர் ஒரு கேள்வி கேட்டார். அவர் படித்தவர், விவிலியத்தையும் ஆழ்ந்து படிப்பவர். “தாவீது அந்தத் தண்ணியை ஆண்டவருக்குத்தானே ஊத்தினார்? நாமளும் புனிதருக்குத்தானே வாணம் விடுறோம்? வீட்டுக்கா கொண்டு போறோம்?” என்றார். பல நாள்கள் எங்களிடம் இதற்கு விடையில்லை. உண்மையில், எரிந்து மறையும் வாணத்தைப்போல ஊற்றப்படும் காணிக்கைக்கு நெருங்கிய பொருள் வேறெதுவும் இல்லை. பின்பு மெல்ல ஒன்று தெளிந்தது. தாவீது ஊற்றியது தம் தாகத்தை. அவர் வேண்டிய ஒன்றைத் தாம் இழந்தார். நாமோ புனிதரின் பெயரால் நம் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறோம். வாணம் விரியும்போது நம் நெஞ்சில் எழுவது என்ன? பக்கத்துப் பங்கில் போன வாரம் விட்டதைவிட இது நன்றாக இருக்கிறதா என்னும் ஒப்பீடு எத்தனை பேருக்கு எழவில்லை? ‘வாணவேடிக்கை உபயம்’ என்று ஒலிபெருக்கியில் தம் குடும்பப் பெயர் வர வேண்டுமெனத் தொகையைக் கூட்டித் தருவோர் எத்தனை பேர்? 10 ஏப்ரல் 2016 அதிகாலையில், கொல்லம் மாவட்டம் பரவூரில் உள்ள புற்றிங்கல் தேவி கோவிலில், போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தும் அது நடந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது வேறு சமயத்தவரின் விழா என்று நாம் ஒதுங்க இயலாது. அங்கே எரிந்த போட்டியுணர்வு நம் கோவில் முற்றத்திலும் இருக்கிறது.

மால்டா தீவுகளை இங்கே நினைத்துக்கொள்கிறோம். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டில் கோடை முழுவதும் ஊருக்கு ஊர் பாதுகாவலர் விழா, விழாதோறும் வாணவேடிக்கை. லிஜா என்னும் சிற்றூர், ஆகஸ்டில் வரும் ஆண்டவரின் தோற்றமாற்ற விழா வாணத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே வாணத்தைப் பெரும்பாலும் ஊர்க்காரர்களே, பங்கு மக்களே, ஓய்வு நேரத்தில் ஊதியமின்றிச் செய்கிறார்கள். விபத்துகள் அங்கேயும் உண்டு. 5 செப்டம்பர் 2010 அன்று கோசோத் தீவின் கார்ப் என்னும் ஊரில் ஒரு வாணக்கூடம் வெடித்து ஆறு பேர் இறந்தனர். அம்மக்களின் செயல் அறிவுடையதா என்று நாம் ஐயுறலாம். ஆனால் தம் புனிதருக்காகத் தம் கையையே பணயம் வைக்கிறார்கள். தாவீதின் மூன்று வீரரைப்போல அன்பினால் போகிறார்கள். நம்முடைய ஆபத்தையோ நாம் விலைக்கு வாங்குகிறோம். அதுவும் பேரம் பேசி. வறட்சியில் விளையாத கரிசலில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, அந்த அறைக்குள் போவது அன்பின் செயலன்று. அடுத்த வேளை உலைக்கான அரிசி அது.

அப்படியானால் வாங்காமல் விட்டுவிடலாமே? இதைத்தான் எங்களில் இளையோர் சிலர் ஆர்வத்தோடு சொன்னார்கள். 1990-களில் பட்டாசுத் தொழிலில் சிறார் உழைப்புக்கு எதிராக நாடெங்கும் குரல் எழுந்தபோது, பள்ளி மாணவர்கள் பலர் பட்டாசு வாங்குவதில்லையென உறுதி எடுத்தனர். 10 டிசம்பர் 1996-இல் உச்ச நீதிமன்றம் சிவகாசிச் சிறார் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. அந்நிலையும் பெரிதும் மாறியது. வாங்குவோரின் மனச்சான்று வீண்போவதில்லை என்பதற்கு அது சான்று. எனினும், இங்கே தாவீதின் உவமை நமக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் நீரை ஊற்றியதால் அந்த மூவர் எதையும் இழக்கவில்லை. நாம் வாங்க மறுத்தால், அந்தப் பெண்மணியின் தங்கை மகள் வேலையை இழப்பாள். 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததற்குக் காரணமே, மழை பொய்க்கும் அந்த மண்ணில் வேறு பிழைப்பு அரிதாயிருந்ததுதான். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. அதற்கு மாற்று எதையும் கொடுக்காமல், நான் வாங்குவதில்லை, என் கை தூயது என்று சொல்வது எளிது. பிலாத்துவும் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கைகளைக் கழுவினான்.

கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்று கேட்டபோது, தூய பவுலும் ஆம் அல்லது இல்லை என்று முடித்துவிடவில்லை. உண்பதில் தவறில்லை என்பதை ஏற்றுக்கொண்டார்; பின்பு, அதே பந்தியில் அமர்ந்திருக்கும் மற்றவரின் மனச்சான்றைப் பார்க்கச் சொன்னார். ‘செய்யலாமா’ என்று கேட்டவர்களை ‘யாருக்கு என்ன ஆகும்’ என்னும் கேள்விக்கு அழைத்துச் சென்றார். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், அங்கே வந்து கூடுகட்டும் பறவைகள் அஞ்சுமே என்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வெடிக்கக் கூடாதென்று எந்த நீதிமன்றமும் சொல்வதற்கு முன்பே அவர்கள் கண்மாயை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். அதற்குத் தூய பவுலின் திருமுகம் தேவைப்படவில்லை என்பது நமக்குச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது.

சென்ற ஆண்டு திருவிழாவுக்கு முன் எங்கள் பங்குப் பேரவை மும்முறை கூடியது. ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. அதிர்வேட்டைக் குறைத்து வண்ண வாணத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றனர் சிலர். ஓசையில்லாத திருவிழா ஒரு திருவிழாவா என்றனர் முதியோர். கோவில் தெருவில் கைக்குழந்தை இருக்கும் இரண்டு வீடுகளையும் படுத்த படுக்கையாயிருக்கும் ஒரு பெரியவரையும் எண்ணி, வாணம் விடும் இடத்தைக் குளக்கரைக்கு மாற்றுவதில் மட்டும் எதிர்ப்பில்லை. தொகை முந்தைய ஆண்டைவிடப் பாதியாயிற்று. கடையில் பேரம் பேசுவதில்லை என்னும் எங்கள் கோரிக்கை பெரும் வாக்குவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது. மக்கள் காணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு செலவிடுவதா என்று கேட்டவர்களின் கேள்வியிலும் நியாயம் இருந்தது. இப்பெட்டி எந்தத் தொழிற்சாலையில் செய்தது, அங்கே விபத்து ஏதும் நடந்ததா என்று கடைக்காரரிடம் கேட்டோம். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். அவர் சொன்ன விடையை எங்களால் சரிபார்க்க முடியவில்லை.

வெடிமருந்தோடு வேலை செய்வோருக்குப் பாதுகாவலராகப் புனித பார்பராவைப் பல நாடுகளில் வேண்டிக்கொள்கிறார்கள். நம் பகுதியில் அவர் பெயரைச் சொல்வோர் அரிது. திருவிழாத் திருப்பலியின் நம்பிக்கையாளர் மன்றாட்டில் அத்தொழிலாளர்களுக்காக ஒன்றைச் சேர்ப்பதென முடிவாயிற்று. அதை எழுதித் தருமாறு அந்தப் பெண்மணியைக் கேட்டோம். தமக்கு எழுத வராது என்றார். மறுநாள் காலை, செபப் புத்தகத்திலிருந்து கிழித்த வெள்ளைத் தாளில் ஒரே ஒரு பெயரை எழுதிக் கொண்டுவந்து, கோவில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பெயர் திருப்பலியில் வாசிக்கப்பட்டது. மக்கள் வழக்கம்போல் மறுமொழி சொன்னார்கள். தேர் சுற்றிவந்து நிலைசேர்ந்தது. ஒன்பதே காலுக்குக் குளக்கரையிலிருந்து முதல் வாணம் ஏறிச் சிவப்பாக விரிந்தது, பிள்ளைகள் கத்தினார்கள், நாங்களும் நிமிர்ந்து பார்த்தோம். கோவில் தெருவின் கடைசியில் அவர் வீட்டுக் கதவு அன்றும் சாத்தித்தான் இருந்தது.